வீட்டுல பிக் லைன் ஃப்ளஷ் பண்றது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

எங்கம்மாவுக்கு குடல்ல கேன்சர்னு தெரிஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு கீமோ ஆரம்பிக்கும்போது வலது கைல, முழங்கைக்கு மேல, ஒரு மெல்லிசான டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பிக் லைன்னு பேரு. கைல ஒரு நரம்பு வழியா உள்ள போயி, தோள்பட்டை தாண்டி, இதயத்துக்குப் பக்கத்துல இருக்க பெரிய ரத்தக்குழாய்ல அதோட நுனி நிக்கும், இத நான் மொதல்ல சொல்லக் காரணம் இருக்கு, கைல தொங்குறது ஏதோ ஒரு சின்ன டியூப்னு நெனச்சு அசால்ட்டா தொடுறோம்ல, அதுல நாம விடுற ஒவ்வொரு சொட்டும் நேரா நெஞ்சுக்குத்தான் போகுது.

ரெண்டு வாரத்துக்கு ஒரு கீமோ, மொத்தம் 12. ஆறு மாசம் அந்த டியூப் கைல இருக்கணும். கீமோ இல்லாத வாரத்துலயும் உள்ள சலைன், அதாவது ஊசி மருந்தா வர்ற உப்புத் தண்ணி, விட்டு கழுவி விடணும், இதத்தான் ஃப்ளஷ் பண்றதுங்காங்க, இல்லன்னா ரத்தம் உள்ள உறைஞ்சு அடைச்சுக்கிடும். எங்க வீடு சேர்மாதேவி. திருநெல்வேலி ஜங்ஷன் போயி அங்கருந்து பாளையங்கோட்டைக்கு வேற பஸ் மாறி, அஞ்சு நிமிச வேலைக்கு அம்மாவ அந்த உடம்போட கூட்டிட்டுப் போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு எந்திரிக்க மாட்டாங்க. அதனாலதான் சிஸ்டர் எனக்கு கத்துக்குடுத்தாங்க. மொத நாளே அவங்க சொன்னது, "தள்ள எல்லாருக்கும் தெரியும் தாயி, நிறுத்தத் தெரிஞ்சிச்சுன்னா சொல்லு, அன்னைக்கு ஒன் கைல சிரிஞ்ச குடுக்கேன்." அவங்க முன்னாடி மூணு தடவ செஞ்சு காட்டுன பெறகுதான் வீட்டுல செய்ய விட்டாங்க. நீங்களும் இத படிச்சிட்டு நேரா சிரிஞ்ச கைல எடுக்காதீங்க, உங்க சிஸ்டர் பக்கத்துல நின்னு பாக்க ரெண்டு மூணு தடவ செஞ்சுட்டு, அப்புறம் வீட்டுல மறந்து போறத ஞாபகப்படுத்த இத வச்சுக்கோங்க.

இன்னொன்னும் மொதல்லயே சொல்லிடுதேன். இது பிக் லைனுக்கு மட்டும். நெஞ்சுல தோலுக்கு அடியில வைக்கிற கீமோ போர்ட்டுக்கு தனி ஊசி வேணும், அது ஆஸ்பத்திரி வேலை. டயாலிசிஸுக்கு கழுத்துப் பக்கம் போட்டுருக்க பெர்ம்கேத்த வீட்டுல யாரும் தொறக்கவே கூடாது, அதுக்குள்ள ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின்னு ஒரு மருந்த கெட்டியா நிரப்பி மூடி வச்சிருப்பாங்க, தெரியாம அத உள்ள தள்ளிட்டா எங்கயாவது ரத்தம் நிக்காம போயிரும். ஊசி மருந்து ஏத்த கை நரம்புல போடுற சாதா வென்ஃப்ளான் பத்தி கடைசிக்கு முன்னாடி கொஞ்சம் சொல்லுதேன்.

கைல ஒரு சீட்டு வேணும்

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர்கிட்டயோ சிஸ்டர்கிட்டயோ இத எழுதி வாங்கிட்டுத்தான் ஆஸ்பத்திரி வாசல் தாண்டணும்: எத விடணும், எத்தனை மில்லி, எத்தனை நாளைக்கு ஒரு தடவ, ஹெப்பாரின் உண்டா இல்லையா, கிளாம்ப்ப (டியூப நெருக்கி மூடுற கிளிப்ப) எப்ப மூடணும், ராத்திரி ஏதாவது ஆனா எந்த நம்பருக்கு கூப்பிடணும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு தெனமும் பண்ணச் சொன்னாங்க, நமக்கு மட்டும் ஏன் வாரத்துக்கு ஒண்ணுன்னு கொழம்பாதீங்க, லைன் வகை மாறுனா கணக்கும் மாறும். சில லைன்ல கிளாம்ப்பே இருக்காது, உள்ளயே வால்வு இருக்கும். எங்களுக்கு எழுதிக் குடுத்தது நார்மல் சலைன் 10 மில்லி, வாரத்துக்கு ஒரு தடவ, ஹெப்பாரின் வேண்டாம். உங்க சீட்டுல என்ன இருக்கோ அதுதான் உங்களுக்கு.

ஹெப்பாரின் எழுதியிருந்தா கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை. லைனுக்கு விடுறது ரொம்ப லேசானது, மில்லிக்கு 10 யூனிட்டோ 100 யூனிட்டோ. ஆனா மெடிக்கல் ஷாப்ல அதே பேர்ல மில்லிக்கு 5,000 யூனிட் உள்ள குப்பியும் கெடைக்கும், 5 மில்லி குப்பில மொத்தம் 25,000 யூனிட் இருக்கும். வீட்டுல கலக்கி லேசாக்குற வேலையே வேண்டாம். ரெடியா லைனுக்குன்னே வர்றது கெடைக்கலன்னா ஆஸ்பத்திரிலயே போய் போட்டுக்கோங்க.

சாமான்

10 மில்லி சிரிஞ்ச். இத விட சின்னது கூடவே கூடாது. உள்ள விடுற சலைன் 5 மில்லிதான்னாலும் சிரிஞ்ச் 10 மில்லி சைஸ்தான். இது ஏன்னு எனக்கு மொதல்ல புரியல, சின்ன சிரிஞ்ச்னா மெதுவா போகும்னுதான் நெனச்சேன். வெவகாரம் தலைகீழ். வயல் சேத்துல உள்ளங்கால் முழுசா ஊனி நின்னா தாங்கும், குதிங்கால மட்டும் ஊனுனா பொசுக்குன்னு உள்ள போகும்ல, ஆளும் ஒண்ணு பாரமும் ஒண்ணு, ஊனுற இடந்தான் சின்னது. அது மாதிரிதான், அதே பெருவிரல் பலத்த 2 மில்லி சிரிஞ்ச்ல குடுத்தா அழுத்தம் பல மடங்கு ஏறி டியூப் உள்ளயே வெடிச்சிரும். சிரிஞ்ச் வாங்கும்போது மூக்கு திருகி மாட்டுற மாதிரி கேட்டு வாங்குங்க, சும்மா சொருகுறது நடுவுல கழண்டுக்கிடும். சலைன் ஏற்கனவே நிரப்பி வர்ற 10 மில்லி சிரிஞ்சும் இருக்கு, வெல கூட, ஆனா கை நடுங்குறவங்களுக்கு அதுதான் நல்லது.

அப்புறம் ஸ்பிரிட் ஸ்வாப், அதாவது 70% ஆல்கஹால்ல நனைச்சு தனித்தனி பொட்டலமா வர்றது, கிளவுஸ், ஒரு சுத்தமான எவர்சில்வர் தட்டு, ஊசி போட ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, ஒரு நோட்டு, பேனா.

சலைன் 10 மில்லி ஆம்ப்யூல்ல, அதாவது சின்ன பிளாஸ்டிக் குப்பில, வாங்குங்க. 100 மில்லி, 500 மில்லி பாட்டில் வாங்கி ஃபிரிட்ஜ்ல வச்சு வாராவாரம் அதுலயே ஊசி குத்தி எடுக்குறத நான் ரெண்டு வீட்டுல பாத்துருக்கேன், காசு மிச்சம்னு செய்யுதாங்க, பாவம், அவங்கள குத்தம் சொல்லல. ஆனா ஒரு தடவ குத்துன பாட்டில்ல கிருமி உள்ள போயிட்டா அது அங்கயே பெருகும், கண்ணுக்குத் தெரியாது, அடுத்த வாரம் அத நேரா நெஞ்சுக்கு ஏத்துறோம். ஒரு ஆம்ப்யூல், ஒரு தடவ, மிச்சம் இருந்தா கீழ ஊத்திருங்க.

இப்ப நான் சொல்லப்போறத தயவுசெஞ்சு கவனமா படிங்க. நாலாவது வாரம் வழக்கமா வாங்குற கடைல அஞ்சு ஆம்ப்யூல் கேட்டு வாங்கிட்டு வந்தேன். சாயங்காலம், கரண்ட் வேற இல்ல, ஜன்னல் வெளிச்சத்துல தட்டுல வரிசையா வச்சேன். அஞ்சும் ஒரே உயரம், ஒரே மாதிரி வெள்ளை பிளாஸ்டிக், உள்ள தண்ணி மாதிரிதான் இருக்கு. ஒவ்வொண்ணா கண்ணுக்குக் கிட்ட கொண்டு போயி படிச்சுட்டே வந்தேன், சோடியம் குளோரைடு 0.9%, சோடியம் குளோரைடு 0.9%, மூணாவது எடுத்தா ஸ்டெரைல் வாட்டர். மருந்துப் பொடி கலக்குற வெறும் தண்ணி. அத ரத்தத்துல விட்டா செவப்பணு ஊதி வெடிக்கும். அத விட பயங்கரம் என்னன்னா இதே சைஸ்ல பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலும் வருது, அத நேரா ஏத்துனா இதயமே நின்னுரும். குளோரைடுங்குற வார்த்தை ரெண்டுலயும் இருக்கு, அவசரத்துல பின்பாதிய மட்டும் படிச்சா ஏமாந்துருவோம். அன்னைக்கு அந்த ஒரு ஆம்ப்யூல உள்ளங்கைல வச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே நின்னேன். அதுல இருந்து மூணு தடவ படிக்கேன், கடைல வாங்கும்போது, தட்டுல வைக்கும்போது, மூடிய திருகுறதுக்கு முன்னாடி வாய்விட்டு சத்தமா. எக்ஸ்பயரி தேதியும் சேத்துத்தான். உள்ள ஏதாவது தூசி மெதந்தாலோ கலங்கலா இருந்தாலோ தூக்கிப் போட்டுருங்க. முடிஞ்சா பகல்லயே செய்யுங்க, நம்ம ஊர்ல எப்ப கரண்ட் போகும்னு சொல்ல முடியாது, டார்ச் வெளிச்சத்துல அந்தப் பொடி எழுத்தப் படிக்க முடியாது.

செய்யுறது

ஃபேன ஆஃப் பண்ணுங்க. சித்திரை வெயில்ல இத சொன்னா அம்மாவுக்கு கோவம் வரும், வெக்கைல வேர்த்து ஊத்தும், இருந்தாலும் ஃபேன் காத்துல தூசியும் முடியும் பறந்து வந்து அந்த நுனில ஒட்டும், பத்து நிமிசம் பொறுத்துக்கச் சொல்லுங்க. பிள்ளைகள வெளிய அனுப்பி கதவ சாத்துங்க. மேஜைய தொடச்சுட்டு தட்ட வைங்க. போன பக்கத்து ரூம்ல வச்சுருங்க, இல்லன்னா நடுவுல அடிக்கும், கை தானா போகும்.

வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிட்டு சோப்பு போட்டு கை கழுவணும், 40 செகண்ட்ல இருந்து ஒரு நிமிசம், விரல் இடுக்கு, பெருவிரல், நகக்கண்ணு, மணிக்கட்டு. எங்க வீட்டு கெணத்துத் தண்ணி உப்பு, நுரையே வராது, அதனால குழாய்த் தண்ணி வரும்போது ஒரு குடம் தனியா பிடிச்சு வச்சுக்கிட்டு அண்ணனோட பொண்ண ஊத்தச் சொல்லுவேன். கழுவுன கைய சேலை முந்தானைல தொடைக்காதீங்க! ரொம்ப பேரு இங்கதான் கோட்ட விடுறாங்க, நல்லா கழுவிட்டு, நாள் முழுக்க அடுப்படில இருந்த முந்தானைல தொடச்சுட்டு வாறாங்க. புது டிஷ்யூ, இல்லன்னா அன்னைக்குத் தொவச்சு வெயில்ல காஞ்ச துண்டு.

கை சுத்தமான பெறகு மொதல்ல பாக்கணும். நோயாளியோட லைன் இருக்க கைய அவங்க இன்னொரு கையோட ஒப்பிட்டுப் பாருங்க, வீக்கம் இருக்கா, டியூப் நுழையுற இடம் செவந்திருக்கா, சீழ் இருக்கா, தொட்டா வலிக்குதா, மேல ஒட்டியிருக்க டிரெஸ்ஸிங் ஓரம் கெளம்பியிருக்கா, நனைஞ்சிருக்கா. வெளிய தெரியுற டியூப் எத்தனை சென்டிமீட்டர்னு பாருங்க. எங்கம்மாவுக்கு போட்ட அன்னைக்கே சிஸ்டர் நோட்டோட மொத பக்கத்துல எழுதிக் குடுத்தாங்க, உள்ள 38, வெளிய 2, மொத்தம் 40. வெளிய இருக்குறது கூடியிருந்தா டியூப் நழுவி வந்துருக்குன்னு அர்த்தம், அப்ப ஃப்ளஷ் பண்ணாதீங்க, உள்ள தள்ளியும் விடாதீங்க, போன் பண்ணுங்க.

எல்லாம் சரியா இருந்தா சிரிஞ்ச்ல சலைன எடுங்க. சில ஆம்ப்யூல்ல மூடிய திருகிட்டா சிரிஞ்ச் மூக்கு நேரா பொருந்தும், ஊசியே வேண்டாம். பொருந்தலன்னா ஊசி போட்டு உறிஞ்சி, ஊசிய உடனே டப்பால போட்டுருங்க, ஊசியோட லைன் கிட்டயே போகக்கூடாது. சிரிஞ்ச நிமித்திப் பிடிச்சு சுண்டி, காத்துக் குமிழி மேல வந்ததும் மெதுவா தள்ளி வெளியேத்துங்க. மூக்கு எதுலயும் படக்கூடாது, மேஜைல பட்டா அந்த சிரிஞ்ச் போச்சு, வேற எடுங்க. ஒரு சிரிஞ்ச் தானே, அதுல போய் சிக்கனம் பாக்காதீங்க.

கிளவுஸ் போட்டுட்டு லைன் நுனில இருக்க கனெக்டர ஸ்வாப்பால தேய்க்கணும். தொடைக்கிறது இல்ல, தேய்க்கிறது. எலுமிச்சம்பழத்த பிழியும்போது கைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகுவோம்ல, அப்படி அழுத்தித் திருகித் தேய்க்கணும், தலையையும் சுத்துப்பக்கத்தையும், 15 செகண்ட். மனசுக்குள்ள ஒண்ணுல இருந்து பதினஞ்சு எண்ணுங்க, வேகமா எண்ணாதீங்க. லைன்ல வர்ற இன்ஃபெக்‌ஷன் நெறைய இந்த வாய் வழியாத்தான் உள்ள போகுது. தேய்ச்சுட்டு தானா காய விடணும், காயும்போதுதான் கிருமியும் சாகும். எங்கம்மா சின்ன வயசுல எங்களுக்கு புண்ணுக்கு மருந்து போட்டா ஊதி விடுவாங்க, அந்தப் பழக்கத்துல ரெண்டாவது வாரம் நான் ஸ்வாப்ப எடுத்த உடனே குனிஞ்சு ஃபூன்னு கனெக்டர் மேல ஊதிட்டாங்க, எரியும்னு நெனச்சிருக்காங்க பாவம். வாயில இருக்க கிருமி அத்தனையும் அதுல. மறுபடி புது ஸ்வாப் எடுத்து மொதல்ல இருந்து தேய்ச்சேன். நோயாளிகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிடணும், பேசக்கூடாது, இருமல் வந்தா சொல்லணும்.

காஞ்சதும் சிரிஞ்ச திருகி மாட்டி, கிளாம்ப்ப தொறங்க. லேசா பின்னுக்கு இழுத்து ரத்தம் வருதான்னு பாக்கச் சொல்லுற ஆஸ்பத்திரியும் உண்டு, வீட்டுல இழுக்க வேண்டாம்னு சொல்லுறவங்களும் உண்டு, உங்க சீட்டுப்படி செய்யுங்க. அப்புறம் தள்ளுறது. ஒரே மூச்சா தள்ளக்கூடாது. ஒரு மில்லி தள்ளு, நிறுத்து, ஒரு மில்லி தள்ளு, நிறுத்து. அப்படி விட்டு விட்டு தள்ளும்போது உள்ள சலைன் சுழிச்சுக்கிட்டு போகும், குழாய் சுவத்துல ஒட்டியிருக்க ரத்தத்தையும் மருந்தையும் அது அலசிட்டுப் போயிரும். ஆத்துல நேரா ஓடுற எடத்துல பாசி ஒட்டிக்கிட்டே இருக்கும், சுழிக்கிற எடத்துல பாறை சுத்தமா இருக்கும், பாத்திருப்பீங்க.

கடைசி அரை மில்லிய சிரிஞ்ச்லயே விட்டுருங்க. முழுசா அடி வரைக்கும் அழுத்துனா ரப்பர் அமுங்கி திரும்ப எழும்பும்போது ரத்தத்த பின்னாடி இழுத்துரும், அந்தத் துளி நுனில உறைஞ்சா அடுத்த வாரம் அடைப்பு. கிளாம்ப்ப மூடிட்டு சிரிஞ்ச கழட்டணுமா, கழட்டிட்டு மூடணுமாங்கறது உங்க கனெக்டர் எந்த வகைன்னு பொறுத்து மாறும், அத சிஸ்டர் கைப்பட செஞ்சு காட்டச் சொல்லி, சீட்டுல எழுதி வாங்குங்க. எங்களுக்கு மூடிட்டு கழட்டுறது.

தள்ள முடியலன்னா

ஒன்பதாவது வாரம். பகல்ல விருந்தாளி வந்ததால ராத்திரி ஏழு மணிக்கு மேல ஆயிப்போச்சு. எல்லாம் வழக்கம் போல, மாட்டி, தொறந்து, பெருவிரல வச்சு அமுக்குதேன், போகல. போன வாரம் வெண்ணெய்ல கத்தி மாதிரி போன பிளஞ்சர், இப்ப செவத்த தள்ளுற மாதிரி இருக்கு. அண்ணன் பக்கத்துல நின்னுக்கிட்டு, "ஏளா, கொஞ்சம் அழுத்திப் பாருளா, லேசா அடைச்சிருக்கும், ஒரு அழுத்து அழுத்துனா போயிரும்"ங்கான். வாய்க்கால்ல குப்பை அடைச்சா அப்படித்தான செய்வோம், அவனுக்குத் தெரிஞ்சது அது. எனக்கும் ஒரு நிமிசம் அப்படித்தான் தோணுச்சு, பெருவிரல் நகம் வெளுத்துப் போற அளவுக்கு வந்துட்டேன். அப்பதான் சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்து கைய எடுத்தேன்.

அடைச்சா இதெல்லாம் வரிசையா பாருங்க. கிளாம்ப் தொறந்திருக்கா. டியூப் எங்கயாவது மடங்கியிருக்கா, டிரெஸ்ஸிங்குக்கு அடியில முறுக்கியிருக்கா. கைய நீட்டச் சொல்லுங்க, தலைக்கு மேல தூக்கச் சொல்லுங்க, முகத்த அந்தப் பக்கம் திருப்பி ஒரு தடவ இருமச் சொல்லுங்க, மூச்ச ஆழமா இழுக்கச் சொல்லுங்க, சில நேரம் நுனி ரத்தக்குழாய் சுவத்துல முட்டிக்கிட்டு இருக்கும், அசஞ்சா விலகிரும். ஒவ்வொண்ணு செஞ்ச பெறகும் மென்மையா ஒரு தடவ அமுக்கிப் பாருங்க. போகலன்னா அவ்வளவுதான், நிறுத்திருங்க. சின்ன சிரிஞ்ச் எடுக்காதீங்க, இன்னொரு ஆள பலமா தள்ளச் சொல்லாதீங்க, கம்பி கிம்பி எதுவும் வேண்டாம். பலமா தள்ளுனா ரெண்டுல ஒண்ணு நடக்கும், டியூப் பிஞ்சிரும், இல்லன்னா உள்ள இருக்க ரத்தக்கட்டி பிடுங்கிட்டு நுரையீரலுக்குப் போயிரும். மூடிட்டு போன் பண்ணுங்க. நாங்க மறுநாள் விடியக்காலம் மொத பஸ்ஸுக்கு கெளம்பிப் போனோம், கட்டிய கரைக்கிற மருந்த டியூப்புக்குள்ள விட்டு கொஞ்ச நேரம் ஊற வச்சு சரி பண்ணிட்டாங்க. அதே டியூப்தான் கடைசி வரைக்கும் இருந்துச்சு.

உடனே ஓட வேண்டியது

ஃப்ளஷ் பண்ணி கொஞ்ச நேரத்துல குளிர் நடுக்கம் வந்தா, போர்வை போர்த்தியும் பல்லு கிட்டினா, அது சாதா காய்ச்சல் இல்ல, லைன்ல கிருமி உட்கார்ந்து நாம தள்ளுனதும் ரத்தத்துல கலந்திருக்குன்னு அர்த்தம். கீமோ எடுக்குறவங்களுக்கு 100.4 டிகிரி காட்டுனாலே விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, பாராசிட்டமால் குடுத்து காய்ச்சல அமுக்கிட்டுப் பாக்கவும் கூடாது, ராத்திரியானாலும் கெளம்புங்க. உங்க ஆஸ்பத்திரி தூரம்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி கேஷுவாலிட்டி 24 மணி நேரமும் இருக்கு. லைன் இருக்கு, கீமோ போயிட்டு இருக்குன்னு வாசல்லயே சொல்லுங்க.

சிரிஞ்ச் கழண்டு காத்து உள்ள போயி, திடீர்னு மூச்சு முட்டுனா, நெஞ்சு வலிச்சா, ஒடனே கிளாம்ப்ப மூடி, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலை தாழ்வா, காலு ஒசரமா இருக்குற மாதிரி தலகாணிய காலுக்கு வச்சு, 108க்கு கூப்பிடுங்க. டியூப் வெளிய எங்கயாவது பிஞ்சிட்டா, பிஞ்ச எடத்துக்கும் கைக்கும் நடுவுல மடிச்சு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே போங்க, விட்டுறாதீங்க. டியூப் முழுசா வெளிய வந்துட்டா சுத்தமான துணி வச்சு அஞ்சு நிமிசத்துக்கு மேல நல்லா அமுக்கிப் பிடிங்க, வந்த டியூப தூக்கிப் போடாம கொண்டு போங்க. கை, கழுத்து, முகம் ஒரு பக்கம் வீங்குனா உள்ள ரத்தக்கட்டி இருக்கலாம், அன்னைக்கே காட்டணும். சலைன் விடும்போது நெஞ்சு படபடன்னு அடிச்சாலும், காதுக்குள்ள தண்ணி ஓடுற சத்தம் கேட்டாலும் நிறுத்திட்டு சொல்லுங்க, நுனி எடம் மாறியிருக்கலாம்.

வென்ஃப்ளான்: சில ஆஸ்பத்திரில காலைலயும் சாயங்காலமும் ஆன்டிபயாடிக் ஊசிக்கு வரச் சொல்லி, நடுவுல வென்ஃப்ளானோட வீட்டுக்கு அனுப்புதாங்க. அத வீட்டுல ஃப்ளஷ் பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்தா மட்டும் பண்ணுங்க, சுத்தமெல்லாம் இதே மாதிரிதான். உள்ள விடும்போது வலிச்சாலோ, ஊசி போட்ட எடம் பொசுபொசுன்னு வீங்குனாலோ சலைன் நரம்ப விட்டு வெளிய போகுது, நிறுத்திட்டு அத எடுத்துறச் சொல்லுங்க. செவந்து நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருந்தாலும் அதேதான்.

அன்றாடம்

லைன் இருக்க கைல பிபி பாக்கக்கூடாது, ரத்தம் எடுக்க ஊசி குத்தக்கூடாது, ஆஸ்பத்திரிலயே சில நேரம் மறந்துபோய் அந்தக் கையத்தான் நீட்டச் சொல்லுவாங்க, நாமதான் சொல்லணும். அந்தக் கைல தண்ணிக்குடம் தூக்கக்கூடாது, பஸ்ல மேல கம்பியப் பிடிச்சு தொங்கக்கூடாது. ஆனா கைய அசைக்காம மடியிலயே வச்சிருக்கவும் வேண்டாம், விரல மடக்கி நீட்டணும், சின்னச் சின்ன வேலை செய்யணும், ரத்தம் ஓடணும்ல. டிரெஸ்ஸிங் மேல இருக்க கண்ணாடி மாதிரி பிளாஸ்டர ஏழு நாளைக்கு ஒரு தடவ மாத்தணும், பஞ்சுத்துணி வச்ச டிரெஸ்ஸிங்னா ரெண்டு நாள்தான், நடுவுல வேர்வைல கெளம்பிட்டா அப்பவே. அத மாத்துறது எங்களுக்கு ஆஸ்பத்திரிலதான், கீமோவுக்குப் போகாத வாரம் நம்ம ஊர் நர்ஸக்கா வீட்டுக்கு வந்து செஞ்சுட்டுப் போவாங்க.

குளிக்கும்போது கைய பிளாஸ்டிக் சுத்தி ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, அந்தக் கைய வெளிய நீட்டிக்கிட்டு ஊத்தணும். ஆத்துல முங்கவே கூடாது. குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சுருச்சு, ஒரு குளி போட்டுட்டு வருவோம்னு சொந்தக்காரங்க வண்டி பிடிச்சு வந்து நிப்பாங்க, வேண்டவே வேண்டாம். எங்கம்மாவுக்கு இதுதான் கீமோவ விட பெரிய கஷ்டம். பொறந்ததுல இருந்து தாமிரபரணில குளிச்சவங்க, வாளித் தண்ணில ஒரு கைய தூக்கிக்கிட்டு குளிக்கிறது அவங்களுக்கு குளியலே இல்ல. படித்துறை வரைக்கும் கூட்டிட்டுப் போவேன், கால மட்டும் நனைச்சுட்டு உக்காந்திருப்பாங்க.

ஊசிய குப்பைத்தொட்டில போடாதீங்க, கெஞ்சிக் கேக்கேன். மூடிய திரும்பப் போடவும் வேண்டாம், அப்படிப் போடும்போதுதான் நம்ம விரல்ல ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பால போட்டு, முக்கால்வாசி நெறஞ்சதும் மூடி டேப் ஒட்டி, அடுத்த தடவ ஆஸ்பத்திரி போகும்போது குடுத்துருங்க, அங்க ஊசிக்குன்னு தனிப்பெட்டி இருக்கும். காலைல நம்ம தெருவுக்கு வண்டி தள்ளிட்டு வர்ற அக்கா குப்பைய கைய விட்டுத்தான் பிரிக்காங்க. ஒரு குத்து பட்டா அவங்களுக்கு என்ன நோய்னு தெரியுற வரைக்கும் தூக்கம் இருக்காது.

நோட்டுல ஒவ்வொரு தடவையும் எழுதுங்க: தேதி, நேரம், எத்தனை மில்லி, லேசா போச்சா, வெளிய எத்தனை சென்டிமீட்டர், காய்ச்சல் உண்டா. ரெண்டு வரிதான். டாக்டர்கிட்ட போகும்போது "எப்பல இருந்து இறுக்கமா போகுது"ன்னு கேப்பாங்க, அப்ப இந்த நோட்டுதான் பேசும்.

பன்னெண்டாவது கீமோ முடிஞ்சு லைன எடுக்கப் போனப்பவும் நோட்ட கொண்டு போனேன். அதே சிஸ்டர்தான். அம்மாவ படுக்க வச்சு, மெதுவா, நிறுத்தி நிறுத்தி டியூப வெளிய இழுத்து, துணிய வச்சு அமுக்கி என்னைய பிடிக்கச் சொல்லிட்டு, டியூப பேப்பர் ஸ்கேல் மேல நீட்டி வச்சாங்க. நுனி முழுசா வந்துருக்கான்னு அளந்து பாக்கணும், உள்ள துண்டு நின்னுறக் கூடாதுல்ல. நோட்டோட மொத பக்கத்த தொறந்து காட்டுனேன். 40. ஸ்கேல்லயும் 40.

அம்மா படுத்துக்கிட்டே, "சிஸ்டரம்மா, நாளைக்கு ஆத்துக்குப் போலாமா?"ன்னு கேட்டாங்க.

"கட்டுப் பிரிக்க ரெண்டு நாள் ஆகும் ஆச்சி, புண்ணு ஆறிட்டான்னு ஒங்க பிள்ள பாக்கட்டும், அப்புறமா போங்க"ன்னு சொல்லிட்டு சிஸ்டர் அடுத்த பெட்டுக்குப் போயிட்டாங்க.